ஓட்டைக் குடையில் அவரைக் கொடி

எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி வரும். மற்ற வீடுகளில் போடுவதற்கு இறங்குவார்கள். நான் எடுப்பதற்கு இறங்குகிறேன். போன ஆனி மாதம் ஒருநாள் அந்த வண்டியின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை செருகியிருந்தது. அந்தக் காலத்து நீளக் குடை. துணி நார்நாராகக் கிழிந்து தொங்கியது. விரித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியும் முறியாமல் இருந்தன. என்ன விலை என்று கேட்டேன்.

"அது எடைக்கே நிக்காது, சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார்.

மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் துணியைப் பிரித்தெடுத்தேன். தரை துடைக்கும் மாப்பின் பழைய குச்சி ஒன்றோடு குடைத்தண்டைச் சேர்த்து மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டி, ஆளுயரத்துக்கு உயர்த்தினேன். இருபது லிட்டர் பெயின்ட் வாளியின் அடியில் துளை போட்டு, கொஞ்சம் கருங்கல் ஜல்லி, அதற்கு மேல் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, நடுவில் குடையை நட்டேன். ஒவ்வொரு கம்பி நுனியிலிருந்தும் ஒரு தேங்காய்நார்க் கயிறு வாளியின் விளிம்புக்கு இறங்கியது. ஆடி பிறந்த வாரத்தில் மூன்று அவரை விதை ஊன்றினேன். ஐப்பசி முடிவதற்குள் குடைக்கு மறுபடி துணி போட்டதுபோல் இலை மூடிவிட்டது. அதன் விளிம்பைச் சுற்றி ஊதாப் பூங்கொத்துகள். அடியில் குனிந்து நின்று அண்ணாந்து பார்த்துக் காய் பறிக்க வேண்டும். மழைக்குப் பிடிக்க முடியாமல் எறியப்பட்ட குடை மூன்று மாதம் எங்கள் வீட்டுக்கு அவரைக்காய் கொடுத்தது.

செடி வளர்க்கிற நாம் மண்ணுக்கும் எருவுக்கும் விதைக்கும் அலைகிற அலைச்சலில் கால்வாசி கூட ஒரு கொம்புக்காக அலைவதில்லை. விதை போட்டு ஒன்றரை மாதம் கழித்து, செடி மண்ணில் படுத்த பிறகு, கைக்கு அகப்பட்ட குச்சியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். அந்தக் குச்சியைக் குத்தும்போதே பாதி வேர் அறுந்துவிடும். வளைந்துவிட்ட தண்டை நிமிர்த்திக் கட்டினால் 'மளுக்'கென்று ஒடியும். சாய்ந்த பிறகு கொடுக்கிற முட்டு வேறு, சாய்வதற்கு முன் கொடுக்கிற கொம்பு வேறு. பன்னிரண்டு வருட மாடித்தோட்டத்தில் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது இது. கூடவே இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். கொம்பைக் கடையில் தேட வேண்டியதில்லை. செடி எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு சாமான் அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தி நிற்கும்.

கையைப் பார்த்துக் கொம்பு கொடு

இரண்டாம் வருடம் பாகற்கொடிக்காக இரண்டங்குல பிவிசி குழாயில் நாலு கால் நட்டுப் பந்தல் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. கொடி குழாயடி வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. கையால் தூக்கிச் சுற்றிவிட்டால் மறுநாள் காலையில் வழுக்கிக் கீழே கிடக்கும். என்ன குறை என்று புரியாமல் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். பாகலின் பற்றுக்கம்பி ஒரு நூல் கனம்தான். அதன் நுனி குழாயைத் தொடுகிறது, வளையப் பார்க்கிறது, வளைவதற்குள் அதன் நீளம் முடிந்துவிடுகிறது. யானைத் தூணைக் குழந்தை கட்டிப்பிடிக்கப் பார்ப்பதுபோல. பாகல், புடலை, பீர்க்கு, கோவை, வெள்ளரி எல்லாம் இந்த இனம். இவற்றுக்குப் பென்சில் கனத்தைவிட மெலிந்த ஏதாவது வேண்டும்: கயிறு, கம்பி, வலை, காய்ந்த மிலாறு. அன்று சாயங்காலமே குழாய்களுக்கு நடுவே நார்க்கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினேன். ஒரு வாரத்தில் கொடி பந்தலின் தலைக்குப் போய்விட்டது.

அந்தப் பற்றுக்கம்பியைக் கொஞ்ச நேரம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிடிப்பு கிடைக்கும்வரை நேராக நீண்டு காற்றில் துழாவும். கயிற்றைத் தொட்டதும் நுனி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் பெரிய வேலை. இடைப்பட்ட பகுதி முழுக்கச் சுருள ஆரம்பிக்கும். பழைய டெலிபோன் ரிசீவரின் சுருள் ஒயர் நினைவிருக்கிறதா, அதே போல. ஆனால் ஒரு பாதி வலப்பக்கமாகச் சுருளும், மறு பாதி இடப்பக்கமாகச் சுருளும். நடுவில் ஒரு சின்ன நேர்க்கோடு நிற்கும். இரண்டு முனையும் கட்டுண்ட ஒன்றை ஒரே பக்கமாக முறுக்க முடியாது, அதனால் அந்தத் திருப்பம். சார்ல்ஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865-ல் எழுதி, 1875-ல் புத்தகமாகவும் கொண்டுவந்த ஆய்வில் இந்தத் திருப்பத்தை விளக்கியிருக்கிறார். இந்தச் சுருள் ஒரு ஸ்பிரிங். காற்று கொடியை இழுக்கும்போது நீளும், விட்டதும் சுருங்கும், அறுவதில்லை. நாம் நைலான் கயிறு போட்டு அதே தண்டை ஆணி அடித்ததுபோல் கட்டிவிட்டால் அந்த ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அவரைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. அது உடம்பாலேயே சுற்றி ஏறுகிற கொடி. சங்குப்பூ, காராமணி, கொடிப்பசலை எல்லாம் அப்படித்தான். இவற்றின் வளர்நுனி வெறும் வெளியில் வட்டம் போட்டபடியே இருக்கும். டார்வின் உடம்பு சரியில்லாமல் அறையில் அடைபட்டிருந்தபோது, பீருக்கு மணம் சேர்க்கிற ஹாப் கொடியைத் தொட்டியில் வைத்துக்கொண்டு இதையே பார்த்துக் குறித்து வைத்தார். ஒரு சுற்றுக்குச் சராசரி 2 மணி 8 நிமிடம். என் குடையில் ஒரு கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டு நானும் பார்த்தேன். காலைக் காப்பிக்கு வடக்கே பார்த்து நின்ற நுனி, சமையல் முடித்து மேலே வருவதற்குள் தெற்கைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. சுற்றுகொடிகளில் பத்துக்கு ஒன்பது ஒரே திசையில்தான் சுற்றும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. உதவி செய்கிறேன் என்று மறுபக்கமாகச் சுற்றிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரிந்து நிற்கும். இவற்றுக்கு வேண்டியது செங்குத்தான ஒரு கயிறு அல்லது குச்சி. பந்தலின் தலைப்பரப்பைவிட அதற்கு ஏறுகிற கால்தான் முக்கியம்.

மூன்றாவது வகை கணுவுக்குக் கணு வேர் விட்டு ஒட்டிக்கொள்வது: வெற்றிலை, மிளகு, மணி பிளான்ட். இவற்றுக்கு வழவழப்பு ஆகாது. சொரசொரப்பும் ஈரமும் வேண்டும். அந்த பிவிசி குழாயில் ஒன்றை எடுத்து, சுற்றிலும் துளை போட்டு, தேங்காய் மட்டையின் நாரைக் கனமாகச் சுற்றிக் கட்டினேன். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் நார் நனைந்தே இருக்கும். மணி பிளான்ட் அதில் ஏறிய பிறகு இலை உள்ளங்கை அளவிலிருந்து தாம்பாள அளவுக்குப் போனது. காகிதப்பூவும் கொடி ரோஜாவும் முள்ளை மாட்டிக்கொண்டு சாய்கிறவை. அவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

தக்காளிக்குக் கையே கிடையாது. அதுதான் எல்லாவற்றிலும் பாவம். காட்டில் தரையோடு படர்ந்து, தொட்ட இடத்தில் வேர் விட்டுப் பிழைத்த செடியை நாம் நிமிர்ந்து நில் என்கிறோம், அதன் தலையில் கிலோக் கணக்கில் காயையும் ஏற்றுகிறோம்.

எல்லாச் சாய்வுக்கும் குச்சி மருந்தல்ல

முட்டுக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது ஏன் சாய்கிறது? மாடியில் இருட்டாக நிழல்வலை போட்டால் எந்த நாற்றும் வெளிச்சம் தேடி வெளிறி நீண்டு ஒடிசலாகத்தான் வரும். யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு நீர் கட்டிக் கொழுகொழுவென்று வளர்ந்து ஒரு மழைக்குப் படுத்துவிடும். இவற்றுக்குக் குச்சி நடுவது, காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. வலையை மாற்றுங்கள், உரத்தைக் குறையுங்கள்.

நீண்டுபோன தக்காளி நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுப் பாதித் தண்டு வரை ஆழமாக நடலாம். புதைந்த தண்டு முழுக்க வேர் இறங்கும்.

இன்னொன்று, காற்று. 1973-ல் மார்க் ஜாஃபி என்ற அமெரிக்க அறிவியலாளர், அடிக்கடி தொடப்பட்டும் அசைக்கப்பட்டும் வளரும் செடி குட்டையாகவும் தண்டு பருத்தும் வளர்வதை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். நாற்றுத் தட்டின் மேல் தினமும் காலையில் உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது. முட்டுக் கொடுத்த செடியும் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். ஆடாமல் கட்டிப்போட்ட தண்டு கட்டை அவிழ்த்த அன்றே தொய்ந்துவிடும்.

துளிர்த்த குச்சி

நாலு வருடம் முன்பு மாடிப்படி ஓரத்து முருங்கையை வெட்டிவிட்டபோது நேராக நாலு கிளை கிடைத்தது. வீணாக்குவானேன் என்று தக்காளித் தொட்டிகளில் ஒவ்வொன்றாக ஊன்றினேன். தக்காளி நன்றாக ஏறியது. மூன்றாம் வாரம் முருங்கைக் குச்சியின் தலையில் பச்சையாக இரண்டு துளிர். பார்த்துச் சந்தோஷப்பட்டு அப்படியே விட்டேன். ஒரு மாதத்தில் தக்காளியின் பூ உதிர ஆரம்பித்தது, இலை மஞ்சளானது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மதியத்தில் தொங்கியது. கடைசியில் பிடுங்கினால், இரண்டு வேரும் ஒன்றோடொன்று பின்னிக் கூடைபோல் வந்தது. ஒரு தொட்டி மண்ணில் ஒருவர்தான் சாப்பிட முடியும். அதிலிருந்து பச்சைக் குச்சி நடுவதில்லை. முருங்கை, கிளுவை, ஒதியன், கிளைரிசிடியா எல்லாம் நட்டால் முளைக்கிறவை. பட்டையை உரித்து, நன்றாகக் காய்ந்த பிறகே எடுக்கிறேன்.

தொட்டியில் நான் செய்த தவறு, வயலில் ஒரு பெரிய நுட்பம் என்பதைச் சோழவந்தானில் பார்த்தேன். வைகைக் கரையில் இருக்கிற அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலைத் தோட்டத்துக்கு நம் மக்கள் வைத்திருக்கிற பெயரைக் கவனியுங்கள்: கொடிக்கால். கொடி ஏறுகிற கால். தோட்டத்துக்கே அந்தத் தாங்குகாலின் பெயர். முதலில் அகத்தி விதைக்கிறார்கள். அகத்தி எழுந்து நிழல் கொடுத்த பிறகுதான் வெற்றிலைக்கொடி மண்ணுக்கு வருகிறது. பதினைந்து, இருபது நாளைக்கு ஒருமுறை வளர்ந்த கொடியை அகத்தியோடு சேர்த்து வாழைநாரால் கட்டிக்கொண்டே போகிறார்கள். அகத்தி வெயிலை வடிகட்டுகிறது, காற்றைத் தடுக்கிறது, வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. அதன் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது.

நான் போனபோது ஒரு பெரியவர் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் கொடியின் கணுவை அகத்திப் பட்டையில் அணைத்துப் பிடித்து, மறு கையால் ஒரு சுற்று, ஒரு திருகல், ஒரு செருகல். முடிச்சே போடவில்லை. நனைந்த வாழைநார் காய்ந்ததும் தானாகக் கெட்டிப்படும். கொடி கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொள்வதற்குள் நார் மக்கத் தொடங்கும். கட்டு எத்தனை நாள் இருக்க வேண்டுமோ அத்தனை நாள்தான் இருக்கிறது. நான் முருங்கைக் கதையைச் சொன்னேன். "தொட்டியில வச்சா அது பங்காளிச் சண்டைதாம்மா. இங்க அதுக்குத் தனிப் பங்கு இருக்குல்ல" என்றார்.

ஒரு வருடத்தில் கொடி ஏறக்குறைய மூன்று மீட்டர் ஏறிவிடும், வீரியம் குறையும். அப்போது கட்டுகளை அறுத்து, கொடியை மெதுவாக இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி அகத்தியில் ஏற்றுகிறார்கள். பங்குனி வாக்கில் நடக்கும் இந்த வேலைக்குக் கொடி இறக்குதல் என்று பெயர். ஏற்றிவிடுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்த எனக்கு, இறக்கிவிடுவதும் ஒரு தாங்கல்தான் என்று அங்கே புரிந்தது.

நம் மாநில மலரான செங்காந்தளும் இப்படித்தான், தானாக நிற்கத் தெரியாத செடி. கொங்குப் பக்கம் மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். விதையில் கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் இருக்கிறது. செடி முழுக்க நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டு மாடிக்கு வேண்டாம். ஆனால் எங்காவது வேலியில் கண்டால் இலையின் நுனியைப் பாருங்கள். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையே நீண்டு, கூர்ந்து, கடைசி அரை அங்குலத்தில் கொக்கியாக வளைந்து பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு விவசாயிகள் கம்பிப் பந்தலும் போடுகிறார்கள். கிளுவையையும் விராலியையும் தாங்குசெடியாகவும் விடுகிறார்கள். கிளுவை அந்த ஊர்களில் காலங்காலமாக வேலிக்காக நட்டது. வேலியே கொழுகொம்பாகவும் நிற்கிறது.

பாரியின் தேரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முல்லைக்குத் தேர் கொடுத்ததைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் பேசுகின்றன. யோசிக்காமல் வாரிக் கொடுத்த கொடைமடம் என்று தமிழ் மரபு அதைக் கொண்டாடுகிறது. தோட்டம் போடுகிறவளாக எனக்கு அதில் மடம் எதுவும் தெரியவில்லை. தேரில் ஆரக்கால் இருக்கிறது, நிமிர்ந்த கால்கள் இருக்கின்றன, குறுக்குக் கட்டைகள் இருக்கின்றன. படர்கொடிக்கு வேண்டியது அவ்வளவும் அதில் உண்டு. கொடி தவிப்பதைக் கண்ட இடத்திலேயே, கையில் இருந்த சாமானை அவன் நிறுத்தினான். தாமதம் செய்யவில்லை.

வீட்டில் கிடப்பது

கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்ததும் நிற்கிற காய்ந்த செடியைப் பருத்திமார் என்பார்கள். துவரை அறுத்தால் துவரைமார். அடுப்பெரிக்கப் போகிற இந்த மாரில் நாலைந்தைக் கிளையோடு அப்படியே பாகலுக்கும் மிதிபாகலுக்கும் ஊன்றிவிடுவது என் அம்மாச்சி வீட்டு வழக்கம். பற்றுக்கம்பிக்கு ஏற்ற கனம், எங்கு திரும்பினாலும் ஒரு கிளை. கடையில் விற்கிற பச்சை நிற பிளாஸ்டிக் தட்டியைவிட இதில் கொடி வேகமாக ஏறுவதை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நகரத்தில் மார் கிடைக்காது. தெருவில் மரம் வெட்டிப் போடுகிற மெல்லிய கிளைகள் கிடைக்கும்.

எங்கள் மாடியின் பெரிய சொத்து ஒரு இரும்புக் கட்டில். அப்பா படுத்திருந்தது. கால் ஒன்று ஒடிந்தது, பட்டைகள் தொய்ந்தன. அதைச் செங்குத்தாக நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடு இரண்டு இடத்தில் கம்பியால் கட்டினேன். ஆறடிக்கு மூன்றடி தட்டி தயார். முதல் வருடம் ஒரு பாடம் கிடைத்தது. சித்திரை வெயிலில் அந்த இரும்பு தொட முடியாத அளவுக்குக் கொதித்தது. பிடித்திருந்த பற்றுக்கம்பிகள் கருகி, கொடியின் ஒரு பக்கம் பிடி விட்டுத் தொங்கியது. அடுத்த வருடம் சட்டம் முழுக்கப் பழைய கிணற்றுக் கயிற்றைச் சுற்றினேன். மூன்று வருடமாகக் கோவைக்கொடி அதில்தான் இருக்கிறது.

டேபிள் ஃபேன் ஓடாமல் போனால் அதன் முன்வலையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சாமந்திக்கு அதைவிட நல்ல தாங்கல் நான் பார்த்ததில்லை. செடி ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போது, தொட்டியில் மூன்று குச்சி நட்டு, ஒன்றரைச் சாண் உயரத்தில் வலையைப் படுக்கையாகக் கட்டிவிட வேண்டும். கிளைகள் கம்பி இடைவெளியில் தாமாகவே புகுந்து மேலே வரும். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி இடம்; ஒன்றின் மேல் ஒன்று சாய வழியில்லை. பூக்கும் நேரத்தில் வலை இருப்பதே தெரியாது. நீலகிரியில் கார்னேஷன் பூ வளர்க்கிற பசுமைக்குடில்களில் பாத்தி முழுக்க வலையை அடுக்கடுக்காக விரித்து வைப்பதும் இதே கணக்குதான். செடி வளர்ந்து தலை கவிழ்ந்த பிறகு இந்த வலையை மாட்ட முயற்சி செய்யாதீர்கள். பாதிக் கிளை ஒடியும்.

வெங்காயம் வருகிற வலைப்பை கிர்ணிப்பழத்துக்குத் தொட்டில். பந்தலில் தொங்குகிற பழம் பழுத்ததும் காம்பு தானே விட்டுவிடும். பழம் எலுமிச்சை அளவு இருக்கும்போதே பைக்குள் விட்டு, பையைப் பந்தலில் கட்டிவிடலாம். கனத்தைப் பை ஏற்றுக்கொள்ளும். புடலைக்கு இதற்கு நேர் எதிர்: நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம், காய் சுருளாமல் நேராக இறங்குவதற்கு. தாங்குவதும் இழுப்பதும் ஒரே பந்தலில் நடக்கிறது.

கட்டுகிற கயிறு பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கிற மாடித்தோட்டங்களில் செடி அதிகம் அடிபடுவது குச்சியால் அல்ல, கட்டால். முதல் வருடம் தக்காளியை நைலான் கயிற்றால் கட்டினேன். தண்டு பருத்தது, கயிறு பருக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கட்டின் மேலும் கீழும் தண்டு புடைத்து, நடுவில் கயிறு தோலுக்குள் போயிருந்தது. கத்தியால் எடுக்கப் பார்த்தேன். தண்டு அந்த இடத்திலேயே இரண்டாக வந்தது. குலை குலையாகப் பச்சைக் காயோடு. இப்போது பழைய நூல்சேலையை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து வைத்திருக்கிறேன். அதைவிட நல்லது பழைய பனியன், லெக்கின்ஸ். அந்தத் துணி இழுத்தால் நீளும், தண்டு பருக்கப் பருக்கக் கூடவே இடம் கொடுக்கும். குறுக்காக வளையம் வளையமாக வெட்டினால் ஒரு லெக்கின்ஸில் நாற்பது, ஐம்பது கட்டு கிடைக்கிறது. தண்டைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் ஒரு குறுக்கு, குச்சியைச் சுற்றி ஒரு வளையம். எட்டு என்ற எண்ணைப் படுக்கப் போட்டதுபோல. முடிச்சு எப்போதும் குச்சிப் பக்கம். தண்டுப் பக்க வளையத்துக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். மிளகாய் நாற்றுக்கு விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றும் ஒரு துண்டு வாழைநாரும் போதும்.

ஒதுக்க வேண்டியவை

டிராகன் ஃப்ரூட் தோட்டங்களில் கான்கிரீட் தூணின் தலையில் பழைய டூவீலர் டயரைப் படுக்கப் பொருத்தியிருப்பார்கள். தூணைச் சுற்றி நாலு கள்ளி ஏறி, டயருக்குள் புகுந்து, நாலு பக்கமும் நீரூற்றுபோல் விழும். உபயோகம் தீர்ந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான மறுவாழ்வு அரிது. ஆனால் டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிரசவ அறை. மாடியில் வைக்கிறவர்கள் டயரின் அடிப்பக்கம் வரிசையாகத் துளை போட்டே ஆக வேண்டும். மூங்கிலும் அப்படியே. கணுவுக்குக் கொஞ்சம் மேலே வெட்டினால் நுனி ஒரு கிண்ணமாகித் தண்ணீர் பிடிக்கும். கணுவை ஒட்டி வெட்டுங்கள். பிவிசி குழாயின் தலைக்கு மூடி போடுங்கள்.

இன்னொன்று கண். குனிந்து களை எடுக்கும்போது குச்சி நுனி தெரிவதில்லை. எனக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்று முதல் எங்கள் மாடியில் ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்திருக்கும். கொடியை எந்தக் காரணத்துக்காகவும் மின்சார சர்வீஸ் ஒயர் பக்கம் போகவிடக் கூடாது. டிவி டிஷ்ஷிலும் வேண்டாம்.

காற்றுதான் கடைசிச் சோதனை. ஆடியில் விதைக்கச் சொன்ன முன்னோர்களே ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்றும் சொல்லிவைத்தார்கள். இலை மூடிய தட்டி பாய்மரம் மாதிரி. காற்று அதைத் தள்ளும். தரையில் இரண்டடி புதைத்த கம்பு நிற்கும், தொட்டியில் ஒரு சாண் புதைத்தது நிற்காது. குடையை நான் வாளியின் அடிக்கல்லில் நிறுத்தியதோடு விடவில்லை. குடைத்தண்டின் பாதி உயரத்திலிருந்து மூன்று கயிறு இழுத்து மூன்று கனமான தொட்டிகளில் கட்டியிருந்தேன். புயல் அறிவிப்பு வந்தால் முற்றிய காய்களைப் பறித்துவிட்டு, கீழ்ப்பக்க இலைகளில் பாதியைக் கழித்துவிடுவேன். காற்றுக்குப் போக வழி இருந்தால் அது போய்விடும். வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கிற விவசாயி, குலை சாய்கிற பக்கம் பார்த்து எதிர்ச்சாய்வில் இரண்டு கம்பைக் கவைபோல் கட்டி நிறுத்துவார். ஒற்றைக் கம்பு எதையும் காப்பதில்லை. எங்கள் தக்காளிக்கும் இப்போது ஒற்றைக் குச்சி கிடையாது. மூன்றைக் கூம்பாகச் சேர்த்துத் தலையில் கட்டுகிறோம்.

குடையை மடக்கும் நாள்

தை கடைசியில் அவரை ஓய்ந்தது. விதைக்கென்று விட்ட காய்களைப் பறித்துச் சாம்பல் தடவி டப்பாவில் போட்டேன். அதன் பிறகு கொடியைப் பிரிக்கவே இல்லை. கம்பி நுனியில் நார்க்கயிறுகளை அறுத்தேன். எட்டுக் கயிறும் கொடியோடு சேர்ந்தே விழுந்தன. அப்படியே சுருட்டி நறுக்கி மக்குத் தொட்டியில் போட்டேன். நாருக்கும் சேலைத் துணிக்கும் இருக்கிற பெரிய நன்மை இது. நைலானாக இருந்தால் காய்ந்த கொடியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிய்த்தெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தவறவிட்ட துண்டு மறுவருடம் எருவில் வரும்.

குடைக்கம்பிகளில் லேசாகத் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, விளக்கெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். ஒரு கம்பியின் மூட்டில் காய்ந்த அவரைத் தண்டு ஒன்று இரண்டு சுற்றாக இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாலும் வரவில்லை. அதை அப்படியே விட்டு, குடையை மடக்கி மாடிப்படி ஆணியில் மாட்டினேன். ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.